புது கார்டும் பழைய கேமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றி வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். எல்லாம் புது கேம் கணக்குதான். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து ஒரு மணி நேரம் வைஸ் சிட்டியோ மாஃபியா 2-வோ ஆடிவிட்டுத் தூங்குகிற என் மாதிரி நாற்பதைத் தாண்டிய ஆட்களுக்கு எது ஒத்துவரும் என்று ஒரு வார்த்தை இல்லை.

புது கார்டு என்றால் பழைய கேம் பறக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 2025 ஜனவரியில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில், கார்டை வைத்துக் கணக்குப் போடும் 'கூடா' (CUDA) வசதியை, பேருக்கு ஏற்ற மாதிரி, இனி 32-பிட் என்ற பழைய ரகப் புரோகிராம்களுக்குக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி ஓடிய பழைய கேம்களின் பிஸ்எக்ஸும் அதோடு போயிற்று. கண்ணாடி நொறுங்கிச் சிதறுவது, புகை சுருள்வது, துணி பறப்பது எல்லாம் அதன் வேலை. கார்டு கைவிட்டால் அந்தப் பாரம் முழுக்க பிராசஸர் தலையில் விழும், சண்டை சூடுபிடிக்கும் இடத்தில் படம் திணறும். செட்டிங்கில் அதை அணைத்துவிட்டால் ஓடும்தான், ஆனால் ஆம்பூர் பிரியாணியைக் கத்திரிக்காய் இல்லாமல் தின்ற மாதிரி இருக்கும். ஆட்கள் சத்தம் போட்ட பிறகு அந்த வருஷம் டிசம்பரில் ஒரு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விட்டு, சில கேம்களுக்கு மட்டும் திருப்பித் தந்தார்கள்.

இன்டெலின் ஆர்க் கார்டு கதை வேறு. 2022-ல் வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 (கேம் கார்டோடு பேசும் பழைய மொழி என்று வையுங்கள்) கேம்களை நேராக ஓட்டாமல் டைரக்ட்எக்ஸ் 12-க்கு மொழிபெயர்த்துத்தான் ஓட்டியது, பிறகு டிரைவர் மேல் டிரைவராக விட்டு நன்றாகவே தேற்றினார்கள். ஆனால் உங்கள் மதர்போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட விடும் வசதி) இல்லையென்றால் வேகம் அடிபடும், பத்து வருஷப் போர்டு வைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். ஏஎம்டி கார்டுகளில், டைரக்ட்எக்ஸ் மாதிரி இன்னொரு மொழியான ஓபன்ஜிஎல் கேம்கள் ரொம்ப நாள் மந்தமாக இருந்தன, 2022 ஜூலை டிரைவரில் சரியாயிற்று.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியாது. கடையில் (பேர் வேண்டாம்) "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார், இதுல ஓடாத கேமே இல்ல" என்றார்கள். வீட்டுக்கு வந்து கேபினெட்டைத் திறந்து கார்டைச் சொருகியாயிற்று. மானிட்டர் ஒயரைக் கையில் எடுத்தால், இரண்டு பக்கமும் திருகு வைத்த அந்த நீல விஜிஏ முனைக்குக் கார்டில் இடமே இல்லை! எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். மறுநாள் அதே கடையில் ஒரு ஒயர் கொடுத்தார்கள், அதிலும் திரை கறுப்பு. வெறும் ஒயர் போதாது, உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும் என்று காட்பாடியில் படிக்கும் அக்கா மகன் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்புறம் வைஸ் சிட்டியைப் போட்டால் எல்லாரும் பேய் பிடித்த மாதிரி ஓடினார்கள். அது கார்டின் குற்றம் இல்லை, மெனுவில் பிரேம் லிமிட்டரை (நொடிக்கு இத்தனை படம்தான் என்று வேகத்தைக் கட்டுவது) போட்டதும் அடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், ஆடுவது பழைய கேம் மட்டும்தான் என்றால் நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 போதும், பழைய பிஸ்எக்ஸும் அதில் கார்டிலேயே ஓடும். அந்த வரிசைக்கு 2025 அக்டோபரோடு கேம் டிரைவர் நின்றுவிட்டது என்று பயமுறுத்துவார்கள். புது கேமுக்குத்தான் அந்தக் கவலை, 2010-ல் வந்த கேமுக்கு இனிமேல் என்ன புது டிரைவர்? பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரை உண்டு. ஆனால் இரவு பகலாக கிரிப்டோ காசு மைனிங்கில் ஓட்டித் தேய்ந்ததைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேலூர் வெயிலுக்கு அது ஒரு கோடை தாங்காது. கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை கார்டுகளை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, பதினைந்து வருஷப் பழைய கேம் இரண்டையாவது அதில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்தெந்தக் கேம் என்று கேட்டால் பட்டியல் நான் அனுப்புகிறேன்.

— வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்