பாப்லோ எஸ்கோபார் ஃபேனா இருக்கற தம்பிக்கு

டேய் கார்த்தி,

கொலம்பியா போதைக் கடத்தல் தலைவன் எஸ்கோபார் போட்டோவ டிபில வெச்சு "ஏழைகளின் தலைவன்"னு ஸ்டேட்டஸ் போட்டிருக்க. சித்தி வீட்ல எல்லார் முன்னாடியும் கேக்க வேணாம்னு விட்டுட்டேன். உன்ன மாதிரி நெறய பசங்க இருக்காங்க, அதனால இங்கயே எழுதறேன்.

கொலம்பியாவுல மெடெயின் நகரத்துக் குப்பமேட்டுல கெடந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் குடுத்தான், உண்மைதான். ஆனா காசு எப்படி வந்துச்சு? பெரு, பொலிவியாவுல கோக்கா எலையில இருந்து எடுக்கற பேஸ்ட் வாங்கி, கொலம்பியா காட்டுக்குள்ள லேப் போட்டு கோகெய்னாக்கி, பஹாமாஸ்ல கூட்டாளி கார்லோஸ் லேடர் புடிச்சு வெச்சிருந்த தீவு வழியா ஃப்ளைட்ல அமெரிக்காவுக்குக் கடத்தி வந்த காசு. அந்தக் காசுலதான் 1982ல கொலம்பியா நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினராவே போயிட்டான்.

இங்கதான் கியெர்மோ கானோ வர்றாரு, எல் எஸ்பெக்டடோர் பேப்பரோட ஆசிரியர். இந்த மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கோமேன்னு பழைய பேப்பர் கட்டெல்லாம் தேடி, 1976ல எஸ்கோபார் கோகெய்ன் கேஸ்ல அரெஸ்டான செய்திய எடுத்து 1983ல மறுபடி அச்சடிச்சுட்டாரு. அதோட அவன் அரசியல் முடிஞ்சுது. அடுத்த வருஷமே நீதி அமைச்சர் லாரா போனியாவ எஸ்கோபார் ஆளுங்க சுட்டுக் கொன்னாங்க, 1986 டிசம்பர் 17ல ஆஃபீஸ்ல இருந்து கார்ல கெளம்பின கானோவையும் பைக்ல வந்து சுட்டுக் கொன்னாங்க, அவருக்கு 61 வயசு. 1989ல அந்தப் பேப்பர் ஆஃபீஸுக்கே குண்டு வெச்சாங்க, மறுநாள் "தொடர்ந்து போறோம்"னு தலைப்பு போட்டு பேப்பர் வந்துச்சு பாரு, எனக்கு இப்ப நெனச்சாலும் சிலிர்க்குது. அதே வருஷம் நவம்பர்ல ஒரே ஒரு அரசியல்வாதியக் கொல்லணும்னு அவியாங்கா விமானத்துல வெச்ச குண்டுல உள்ள இருந்த 107 பேரும் செத்தாங்க, அந்த ஆளு அந்த ஃப்ளைட்ல ஏறவே இல்ல.

இதுக்கெல்லாம் பைக்ல போனது யாரு? அதே ஏழைப் பகுதிப் பசங்கதான்டா, பதினாறு பதினேழு வயசு. 1991ல மெடெயின்ல லட்சம் பேருக்கு சுமார் 380 கொலை. அதுல செத்தது பெரும்பாலும் அந்த மாதிரிப் பசங்க. வீடு குடுத்தவன் அந்த வீட்டுப் புள்ளைங்கள எடுத்துக்கிட்டான், எனக்கு ஆத்திரமே அதுலதான்.

1991ல சரணடைஞ்சு அவனே கட்டின ஜெயில்ல சொகுசா இருந்தான், அடுத்த வருஷம் தப்பிச்சான், 1993 டிசம்பர் 2ல ஒரு வீட்டுக் கூரை மேல போலீஸ் சுட்டு செத்தான். அவ்ளோதான். வியாபாரம் காலி (Cali)ங்கற இன்னொரு கொலம்பியா ஊர்ல இருந்த போதைக் கும்பல் கைக்குப் போச்சு.

அவன் குடியிருந்த மொனாக்கோ பில்டிங்க 2019ல மெடெயின் நகராட்சியே வெடி வெச்சு இடிச்சுட்டு, அங்க செத்தவங்களுக்கு நினைவுப் பூங்கா கட்டியிருக்காங்க. கானோவ பத்தி தேடிப் படி, படிச்சுட்டு எனக்கு போன் பண்ணு, எவ்ளோ நேரம்னாலும் பேசலாம்.

அக்கா