வங்கக் கடல் அலைக்கு இரண்டு ஃபின் போதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது. அதன்பிறகு பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பில் மட்டுமே மூன்று பிள்ளைகள் சொந்தப் பலகை வாங்க வேண்டும் என்று என்னிடம் வந்து விசாரித்துவிட்டார்கள். மூவரும் கைப்பேசியில் காட்டியது ஒரே வகைப் பலகையைத்தான்: ஒல்லியான, மூக்கு கூரான, வாலடியில் மூன்று ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு) பொருத்திய போட்டிப் பலகை. அவர்கள் பணத்தைக் கட்டும் முன் இந்தக் கடிதம் அச்சேறினால் நல்லது என்று எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் அதைத்தான் வாங்கினேன். இந்நகரின் ஒரு கடையில், என் எடை என்ன, எந்தக் கடலில் இறங்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், 27 லிட்டர் கன அளவுள்ள (அது கூடினால் மிதப்பும் கூடும்) பலகையைக் கட்டிக் கொடுத்தார்கள். 68 கிலோ எடையும், மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே கடலும் வாய்க்கும் எனக்கு அது பொருந்தவே இல்லை. ஒரு பருவம் முழுவதும் படுத்துக்கொண்டு கையால் நீரைத் தள்ளித் தோள் வலித்ததுதான் மிச்சம். எழுந்து நின்ற அலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெங்களூருவில் இருக்கும் நமக்கு மங்களூரு பக்கத்து முல்கியும் சென்னை பக்கத்துக் கோவளமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் என்றாலும், தென்மேற்குப் பருவமழையில் மேற்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும் மாதங்களில் கிழக்குக் கரையையே நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே விடியற்காலையில் கச்சான் (நிலத்திலிருந்து கடல் நோக்கி வரும் மேல்காற்று) வீசிக்கொண்டிருக்கும்வரை அலை சீராக வரும். முற்பகலில் கடற்காற்று திரும்பிவிட்டால் நீர் கலைந்து, அலையின் முதுகு தளர்ந்துவிடும். பெரும்பாலான நாட்களில் அலை இடுப்பளவு அல்லது மார்பளவுதான். போட்டிப் பலகை செங்குத்தாக எழும் அலையின் விசையை நம்பிச் செய்யப்பட்டது. தளர்ந்த அலையில் அதன் நடு ஃபின் பிடிப்பைக் கொடுப்பதைவிட வேகத்தை இழுத்துப் பிடிப்பதே அதிகம்.

இரட்டை ஃபின் பலகையில் அந்த நடு ஃபின் கிடையாது. விளிம்பை ஒட்டி இடமும் வலமுமாக இரண்டே ஃபின்கள் இருக்க, நடுவில் நீர் தடையில்லாமல் ஓடிவிடுவதால், சிறிய அலையிலும் பலகை தானாகவே வேகம் எடுக்கிறது. இது புதிய மோகம் அன்று. 1976 இல் ஹவாய் வீரர் ரெனோ அபெல்லிரா ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த குட்டையான இரட்டை ஃபின் பலகையைக் கண்டு, அந்நாட்டு வீரர் மார்க் ரிச்சர்ட்ஸ் தமக்கென ஒன்றை வடிவமைத்தார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றார். 1981 இல் இன்னோர் ஆஸ்திரேலிய வீரரான சைமன் ஆண்டர்சனின் மூன்று ஃபின் பலகை பெரிய அலைகளில் தன் பிடிப்பை நிரூபித்த பிறகே உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. பெரிய, செங்குத்தான அலையில் இரட்டை ஃபினின் வால் வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நமக்கு அத்தகைய அலை வருடத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது?

தேர்ந்தெடுக்கும்போது நீளத்தைவிட லிட்டர் கணக்கையே முதலில் பார்க்க வேண்டும். தினமும் கடலில் இருப்பவர் தம் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான லிட்டரில் சமாளித்துவிடலாம். நம்மைப் போல் மலைமேல் இருந்துகொண்டு எப்போதாவது இறங்குபவர்கள் சில லிட்டர் கூட்டிக்கொள்வதே அறிவு. நான் இப்போது வைத்திருக்கும் இரட்டை ஃபின் பலகை 5 அடி 10 அங்குல நீளம், 21 அங்குல அகலம், 36 லிட்டர். வால் மீன்வால் போலப் பிளந்தும், மூக்கு அதிகம் மேல்நோக்கி வளையாமலும் இருப்பதால், அலை உடையும் முன்பே ஏறிவிட முடிகிறது. இன்னும் பலகையில் எழுந்து நிற்கவே பழகாதவர்களுக்கு இது வேண்டாம். அவர்கள் பயிற்சிப் பள்ளியின் நீளமான மென்பலகையில் ஓர் ஆண்டு கழிக்கட்டும்.

பொருத்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். மூன்று ஃபின் தொகுப்பில் நடுவிலுள்ளதைக் கழற்றிவிட்டால் இரட்டை ஃபின் ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. மூன்று செய்த வேலையை இரண்டு செய்ய வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்க வேண்டும். நிமிர்ந்த வகை ஃபின் 5 அங்குலத்துக்கு மேல் உயரம் இருந்தால் சட்டென்று திரும்ப உதவும்; அடி நீண்டு உயரம் குறைந்த கீல் வகை நேர்கோட்டில் வேகம் தரும், ஆனால் அகன்ற வளைவில்தான் திரும்பும். கோவளத்துக்கு நான் முதல் வகையையே விரும்புகிறேன். எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் ஆகிய இரு பொருத்து முறைகளில் ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது என்பதையும் கடையிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் கோவளத்தில் என் புதிய பலகை நேராக ஓடாமல் திணறியது. கரையேறியதும் மீனவர் வீட்டு இளைஞர் ஒருவர் அதை மணலில் கவிழ்த்து, ஃபினின் இரு பக்கமும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, "அண்ணா, இடது வலது மாறிப்போச்சு, தட்டைப் பக்கம் உள்ளே பார்க்கணும்" என்றார். உற்றுப் பார்த்தேன்: வெளிப்புறம் சாய வேண்டிய இரண்டும் உட்புறமாகச் சாய்ந்து நின்றன. சிறு திருகுச்சாவியால் அவர் மாற்றிப் பொருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த அலையில் முன்காலில் எடையை வைத்து லேசாகச் சாய்ந்ததுமே பலகை வளைந்து ஓடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஊர் திரும்பும்போது ஃபின்களைக் கழற்றி, திருகுகளை நன்னீரில் கழுவிவிட வேண்டும். உப்பு ஏறினால் அடுத்த முறை அசையாது. வேலூர் பக்கம் சாப்பிட இறங்கும் ஒரு மணி நேரத்தில்கூடக் காரை வெயிலில் நிறுத்தினால் கால் வழுக்காமலிருக்கப் பூசிய மெழுகு உருகுவதோடு பலகையின் மேலுறையே உப்பிவிடும். ஈபிஎஸ் (தெர்மாகோல் வகை) நுரையால் ஆன பலகையில் விரிசல் விழுந்தால் எப்பாக்ஸி பிசினால் மட்டுமே அடைக்க வேண்டும். பாலியெஸ்டர் பிசின் அந்த நுரையைக் கரைத்துவிடும்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் போட்டி முடிவுகளோடு, பலகை வாங்குவது, ஃபின் பொருத்துவது, விரிசல் அடைப்பது பற்றியும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். அதைக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அன்றாடம் பலகைகளைப் பழுதுபார்க்கும் மீனவ இளைஞர்களிடமே கேட்டு எழுதினால், எங்கள் குடியிருப்பின் மூன்று பிள்ளைகளுக்கும் அதை வெட்டியெடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு