எங்கள் ஏற்காட்டானைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கடந்த கார்த்திகையில் ஒரு விடியற்காலை எங்கள் நண்பன் மாரடைப்பில் காலமானான். வயது 55. கல்லூரியில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏற்காட்டான்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். 1988 முதல் 1991 வரை சேலத்தில் அவனோடு ஜியாலஜி (நிலவியல்) படித்தவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். அன்று காலை எங்களில் ஒருவர்கூட மலையில் இல்லை. கூடப் படித்தவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் நீங்கள்தான் செய்தீர்கள்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. கண் தானத்துக்கு அவன் எழுதிக் கொடுத்திருந்தது, அந்த அழுகையில் தங்கச்சிக்கு (அவன் மனைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) நினைவுக்கே வரவில்லை. அக்காதான் ஞாபகப்படுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்காரர்கள் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்திலேயே ஏறி நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். “கண்ணாடி போட்டவராச்சுங்களே, எடுப்பீங்களா?” என்று வாசலில் யாரோ கேட்க, கருவிழி தெளிவாக இருந்தால் போதும், கண்ணாடியோ சர்க்கரையோ தடையில்லை என்று நின்று விளக்கிவிட்டுத்தான் உள்ளே போனாராம் அந்த டாக்டர். மதியம் நான் போய்ப் பார்த்தபோது அவன் முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது.

காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று வந்து, அடுப்பை அணைய விடாமல் வந்தவர்களுக்கெல்லாம் கடுங்காப்பி போட்டுக் கொடுத்த எஸ்டேட் அக்காமார்களுக்கு என் கும்பிடு. ஜெபம் முடியும்வரை தங்கச்சியின் பக்கத்தை விட்டு நகராத உபதேசியார் ஐயாவுக்கும், வாடகை வாங்க மறுத்த ஜீப்காரத் தம்பிக்கும் நன்றி.

குழி வெட்டிய பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றடிக்குக் கீழே பாறை. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறந்தது. கை கொப்பளித்தும் விடவில்லை. வெட்டி எடுத்த துண்டு ஒன்றை ஒருவன் என்னிடம் நீட்டி, “சார் இருந்தா இது என்ன கல்லுன்னு சொல்லியிருப்பார்” என்றான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது.

அது சார்னோகைட். நீலம் ஓடிய சாம்பல் நிறக் கல். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பே அதுதான். மேலே தெரிகிற செம்மண்ணும் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவும் அந்தக் கல் காலங்காலமாக மக்கி உண்டானவை. இரண்டாம் ஆண்டில் எங்களை மலைக்குக் கூட்டிப் போனபோது, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று அந்தப் பெயரின் கதையைச் சொன்னவன் அவன்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருக்கும் கல்லை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் சார்னாக்கின் பெயரையே அந்தக் கல்லுக்கு வைத்தார். “கல்லறையில பொறந்த பேருடா மாப்ள, நம்ம மலைக்கு” என்றான். பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அதனால்தான் பளபளக்கும் கிரானைட் வேண்டாமென்று தங்கச்சி சொன்னாள். அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் கல்லையே தலைமாட்டில் நட்டிருக்கிறோம். அதில் பெயர் செதுக்கிய ஆசாரி, “சார்கிட்ட என் பையன் படிச்சானுங்க” என்று சொல்லிக் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சம்பளம் வாங்காமல் அவன் மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் இத்தனை பேர் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒன்றை மறைக்க மனமில்லை. ஆடி மாதம் அவன் என்னைக் கூப்பிட்டான். வேலையில் இருந்தேன், அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டேன். பேசவில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் முப்பது கிலோமீட்டர்தான். தங்கச்சி, நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

வகுப்புத் தோழர்கள் சேர்த்த பணம் மகளின் படிப்புக்கு என்று அவள் பெயரிலேயே போடப்பட்டிருக்கிறது. கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம் என்றதால் இங்கே எழுதவில்லை.

அவனுடைய கல் பெட்டியை அவன் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுக்கிறோம். அதில் 64 கற்கள் இருந்திருக்கின்றன. இப்போது 41 இருக்கின்றன. மீதியைப் பிரியப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறான். உங்களில் யாரிடமாவது இருந்தால், முப்பதாம் நாள் பூசைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். வெள்ளைப் பெயின்ட்டில் அவன் கையெழுத்தில் எண் போட்டிருக்கும். 17-ஆம் எண் கல் என்னிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
1988–91 ஜியாலஜி வகுப்புத் தோழர்கள் சார்பில்,
சேலத்திலிருந்து ஒரு நண்பன்