சிரிக்க வைத்தால் அறிவியல் ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பகுதியில், நகைச்சுவை அறிவியல் புனைகதைகளால் நிஜ அறிவியலுக்கு ஒரு துரும்பும் கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மேல்முறையீட்டுக்கு இடமுண்டா தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஃபியூச்சுராமா என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்குப் பேரன் காட்டித்தான் தெரியும். 2010-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், இருவரின் மனத்தை உடல் மாற்றிவைக்கும் இயந்திரம் ஒன்று வருகிறது. ஒருமுறை மாற்றிக்கொண்ட அதே ஜோடி மறுபடி மாற்றிக்கொள்ள முடியாது. ஆளாளுக்கு உடல் மாறி ஒரே கூத்து. எத்தனை பேர் எப்படி மாறிக் கிடந்தாலும், புதிதாக இரண்டே பேரைச் சேர்த்தால் எல்லோரையும் பழையபடி ஆக்கிவிடலாம் என்று, கதையை எழுதிய கென் கீலர் குலக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவைக் கொண்டு நிரூபித்தார். ஹார்வர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். நிரூபணம் திரையிலேயே பலகையில் தெரிகிறது. பிற்பாடு கணித அறிஞர்கள் அதை வளர்த்து ஆய்விதழிலும் எழுதினார்கள்.

டியூஷன் பிள்ளைகளிடம் செய்து பார்த்தேன். கண்ணன், மணி இருவரின் பெயர்ச்சீட்டையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். ராணி, செல்வி கையில் அவரவர் சீட்டு. கண்ணன் ராணியோடும், மணி செல்வியோடும் மாற்றினார்கள். பிறகு கண்ணன் செல்வியோடு, மணி ராணியோடு. பையன்கள் இருவர் கையிலும் சொந்தப் பெயர்! கடைசியாக ராணியும் செல்வியும் மாற்றிக்கொண்டார்கள், தீர்ந்தது. வாய்ப்பாடு என்றாலே கொட்டாவி விடும் மணி, "ஏழு பேர் மாறியிருந்தா எப்படி சார்?" என்றான்.

கணிதம் அறிவியலில் சேராது என்பீர்களோ? தங்கள் இதழைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கடைசிப் பக்கப் புதிர்க் கணக்கைத் தூக்கிவிட்டு அங்கே அதிர்ஷ்டக் கல் பலன் போட்டீர்கள். அதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தில், மரியாதைக்குச் சேர்த்திருந்த பாராட்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். வால்மீன் கட்டுரைக்கு எரிகல் படம் போட்ட கதையை இப்போது கிளறவில்லை.

சதுரங்கக் கணினிக்கு, நகைச்சுவை அறிவியல் கதை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸின் கதையிலிருந்து 'டீப் தாட்' என்று பெயர் வைத்ததையெல்லாம் பங்களிப்பு என்று நானும் சொல்லமாட்டேன். பெயர் வைத்தால் அறிவியல் வளர்ந்துவிடாது. ஆனால் தேற்றம் தேற்றம்தானே, அதைக் கார்ட்டூன் கதைக்காக நிரூபித்தால் என்ன?

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1948-இல், தண்ணீர் ஊற்றுமுன்பே கரைந்துவிடும் பொருள் ஒன்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை பாணியிலேயே ஒரு கேலி எழுதினார். அது வெளிவந்த கையோடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. முடிவில் தேர்வாளர் ஒருவர், அந்தப் பொருளின் வெப்ப இயக்கவியல் பண்புகளைச் சொல்லுங்கள் என்றாராம். பட்டமும் கொடுத்தார்கள். பேராசிரியர்களுக்கே சிரிக்க நேரம் இருந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம். முடிந்தால் புதிர்க் கணக்குக்கு அரைப் பக்கம். அதிர்ஷ்டக் கல் பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். இடமில்லை என்று இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால், வணக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள், தேற்றத்தை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்,
கும்பகோணம்.