தலைமையாசிரியர் கடிதம்: பருவ நிறைவும் வான்நோக்குக் குறிப்பேடும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வுகள் குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடிந்தன. தேர்ச்சி சென்ற பருவத்தைவிடக் குறையவில்லை. கணக்கில் மட்டும் இரண்டு வகுப்புகள் இன்னும் கொஞ்சம் முயல வேண்டும். அவை எவை என்று அந்தந்த வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். விளையாட்டு விழாவில் பரிசு பெற்றவர்களுக்கும், பரிசில்லை என்று தெரிந்தும் கடைசிக் கோடு வரை ஓடியவர்களுக்கும் வாழ்த்துகள். பேச்சு, ஓவியம், கட்டுரைப் போட்டிகள் சிறப்பாக நடந்தன. வென்றவர்கள் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நூலகத்துக்கு இரண்டு புதிய அலமாரிகள் வந்துவிட்டன. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளன்று திருப்பி அனுப்புங்கள்.

கையெழுத்து என்ற சொல் வந்துவிட்டதால், இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

இந்தப் பருவத் தொடக்கத்தில் அறிவியல் மன்றப் பிள்ளைகளை ஒரு மாலை மைதானத்தில் நிறுத்தி, சர்வதேச விண்வெளி நிலையம் கடந்து போவதைக் காட்டினோம். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேற்கே மரங்களுக்கு மேல் ஒரு வெளிச்சப் புள்ளி எழுந்தது. சிமிட்டவில்லை, சத்தமில்லை. விமானம் என்றால் சிவப்பும் பச்சையுமாக விட்டு விட்டு மின்னும். இது வெள்ளியைப் போல நிலையான ஒளியுடன் ஏறி வந்து, எங்கள் தலைக்கு மேலாகக் கிழக்கே இறங்கத் தொடங்கியது. பாதி வழியில், ஒரு மேகமும் இல்லாத வானத்தில், மங்கி மங்கி அணைந்தேவிட்டது. “விளக்கை அணைத்துவிட்டார்களா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். பத்து வகுப்பறைப் பாடம் செய்ய முடியாததை அந்தக் கேள்வி செய்தது. அதில் நாம் பார்ப்பது விளக்கு அல்ல; வெயில். நமக்கு இருட்டிய பிறகும் 400 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வெயில் நிலையத்தின் அகன்ற சூரியத் தகடுகளில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது. நிலையம் பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் ஒளி போய்விடுகிறது. அணைந்தது அது அல்ல, அதன் மேல் விழுந்தது நாம் நிற்கும் பூமியின் நிழல் என்று ஆசிரியர் சொன்னபோது, யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. எட்டாம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் அது மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது, 2000 நவம்பர் 2 முதல் அதில் ஒரு நாளும் ஆளில்லாமல் இருந்ததில்லை என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். சீனாவின் தியாங்கோங் நிலையத்தைத் தனியே அடையாளம் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஏவிய சில நாட்களில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் நூலில் கோத்த மணிகள் போல வரிசையாகப் போவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சீராக மின்னி மின்னிப் போன ஒரு புள்ளியை, வேலை முடிந்து உருண்டுகொண்டிருக்கும் ராக்கெட்டின் மேல்பகுதி என்று தானாகவே ஊகித்த ஒரு மாணவி இருக்கிறாள். அந்த ஊகம் சரியாகவே இருக்கும் என்பது எங்கள் அறிவியல் ஆசிரியரின் கருத்து.

இதற்காகத்தான் வான்நோக்குக் குறிப்பேடு கொடுத்தோம். தேதி, நேரம், எழுந்த திசை, எட்டிய உயரம், மறைந்த இடம் என்று கட்டங்கள். உயரத்தை முஷ்டிக் கணக்கில் குறிக்கச் சொன்னோம்: கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, அடிவானத்திலிருந்து உச்சி வரை ஒன்பது முஷ்டி. கடைசிக் கட்டம், ‘உடன் இருந்த பெரியவர் கையெழுத்து’.

இனி எழுதப்போவதை அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் நிலையத்தைப் பார்க்க வீட்டு மொட்டை மாடிக்குத் தனியாகப் போயிருக்கிறார். அங்கும் நிற்காமல் தண்ணீர்த் தொட்டி மேடையின் மேல் ஏறியிருக்கிறார். நிலையம் தலைக்கு நேர் மேலே வந்தபோது, அதன் கூடவே அண்ணாந்து திரும்பியவர், ஒரு அடி பின்னால் வைத்திருக்கிறார். ஐந்தடி கீழே மாடித் தளத்தில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. விழுந்தது உள்பக்கமாக. வெளிப்பக்கம் இரண்டு மாடி ஆழம்.

அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். அன்றைய வரியில் எழுந்த திசை ‘வடமேற்கு’ என்று அழகான கையெழுத்தில் இருக்கிறது. எட்டிய உயரம் காலி. மறைந்த இடம் காலி. பெரியவர் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

அதற்குப் பிறகு மன்றத்தின் எல்லாக் குறிப்பேடுகளையும் கேட்டு வாங்கினேன். நான் புரட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல ஏடுகளில் அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வரிக்கும் கையெழுத்து போட்டிருந்தது. சிலவற்றில் மாதம் முழுவதற்கும், ஒரே பேனாவில், ஒரே மூச்சில். பிள்ளைகள் மட்டும் நேர்மையாக இருந்திருக்கிறார்கள். ‘மேகம், தெரியவில்லை’ என்று எழுதிய வரிகள் நிறைய. அந்த வரிகளுக்குப் பக்கத்திலும் கையெழுத்து முன்கூட்டியே தயாராக இருந்தது.

வேலை முடிந்து அலுத்து வீடு திரும்பும் நேரத்தில் மாடிக்கு வா என்று பிள்ளை இழுத்தால் எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும். பள்ளியிலிருந்து வரும் தாள்கள் எத்தனை என்பதும் தெரியும். அவற்றில் பாதியை அனுப்புவது நான்தான். ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டம் குறிப்பேட்டை அலங்கரிக்க வைத்தது அல்ல. இருட்டில், உயரத்தில், மேலே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று நீங்கள் எங்களுக்குக் கொடுக்கும் உறுதி அது. நிற்காமல் போட்ட கையெழுத்தை நம்பித்தான், நிலையம் தெரியும் நேரங்களின் அடுத்த வாரப் பட்டியலையும் பிள்ளைகள் கையில் கொடுத்தோம். அப்படி நம்பியது எங்கள் பிழை. அப்படிக் கையெழுத்திட்டது உங்கள் பிழை. இரண்டும் இத்துடன் நிற்க வேண்டும்.

இந்த ஆபத்தின் கணக்கும் விசித்திரமானது. கடப்பு, அதாவது நிலையம் நம் வானத்தைக் கடந்து போவது, எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு கவனம் தேவை. தாழ்வாகப் போனால் ஒரே பக்கம் பார்த்தபடி நிற்கலாம். உச்சியைத் தொட்டுப் போகும்போதுதான் நிலையம் நமக்கு மிக அருகில், மிகப் பிரகாசமாக இருக்கும். அப்போதுதான் தலை பின்னால் சாய்ந்து, உடல் அரை வட்டம் திரும்பி, கால் எங்கே போகிறது என்பது மறந்துபோகும். அதற்குச் சற்று முன்பு நேரம் சரிபார்க்கக் கைபேசித் திரையைப் பார்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். திரை வெளிச்சம் அதைச் சில நொடிகளில் கெடுத்துவிடும். வானத்துப் புள்ளி அவ்வளவு பிரகாசமாக இருப்பதால் அது தெரிந்துவிடும். மாடியின் விளிம்புதான் தெரியாது.

மாடி எதற்கு என்பதே என் கேள்வி. ஒரு மாடி ஏறினால் நிலையத்துக்கு மூன்று மீட்டர் கிட்டே போகலாம். தொட்டி மேல் ஏறினால் இன்னும் ஒன்றரை மீட்டர். மிச்சமுள்ள 400 கிலோமீட்டர் அப்படியே இருக்கும். தேவைப்படுவது திறந்த வானம்தான், உயரம் அல்ல. வாசலில் நின்று பாதி வானம் தெரிந்தாலே போதும். உட்கார்ந்து பார்ப்பது சின்னப் பிள்ளைத்தனம் என்று சில மாணவர்கள் என்னிடம் வாதாடினார்கள். 1957 அக்டோபரில் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது, அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் ஏற்பாடு செய்திருந்த ‘மூன்வாட்ச்’ குழுக்களில் சாதாரண மக்கள் செயற்கைக்கோள்களின் பாதையைக் குறித்துக் கொடுத்தார்கள். வானத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு, சிறு தொலைநோக்கிகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துதான் பார்த்தார்கள். உட்கார்ந்ததால் அவர்கள் அறிவியல் குறைந்துவிடவில்லை.

இதை அடியோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் ஆசிரியர் கூட்டத்தில் வந்தது. எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு பள்ளி இருந்தது. அங்கே இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் அவருடைய மாணவர்களும் சோவியத் செயற்கைக்கோள்களின் வானொலிச் சமிக்ஞைகளைக் கேட்டு, நேரம் குறித்து, தாளில் கணக்குப் போட்டு வந்தார்கள். 1966இல் காஸ்மோஸ் 112 என்ற செயற்கைக்கோளின் பாதை, அதுவரை தெரிந்த ஏவுதளத்தோடு பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் ரஷ்யாவின் வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற ஏவுதளம் இருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983இல். நம் பிள்ளைகள் உளவு பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பார்த்ததை ஒழுங்காகக் குறித்துவைக்கும் பழக்கம் ஒரு பள்ளியை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

ஆகவே அடுத்த பருவத்திலும் குறிப்பேடு தொடரும், முறைதான் மாறுகிறது. நேரப் பட்டியல் இனி பிள்ளைகள் கையில் வராது, உங்களுக்கு வரும். மாலைக் கடப்புகள் மட்டுமே அதில் இருக்கும். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பார்த்துவிட்டு முதல் பாடவேளையில் மேசை மேல் தலை சாய்ப்பவர்களின் எண்ணிக்கை அதிகமாகிவிட்டது. வீட்டில் பார்க்க நான்கு முஷ்டி முதல் ஆறு முஷ்டி வரை உயரும் கடப்புகளையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிடலாம். உச்சியில் போகும் கடப்புகளைப் பள்ளி மைதானத்தில், பாய் விரித்துப் படுத்து, எல்லோருமாகப் பார்ப்போம். அன்று நீங்களும் வரலாம்.

கையெழுத்துக் கட்டம் எடுக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக, உடன் இருந்த பெரியவர் தாம் பார்த்ததைத் தம் கையால் ஒரு வரி எழுத வேண்டும். எழுதப் பழக்கமில்லாதவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். அதில் குறைவு ஒன்றுமில்லை. இரவு வேலைக்குப் போகிறவர்களின் நிலையையும் யோசித்தோம். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியவர், யாராக இருந்தாலும் சரி. யாருக்கும் அன்று முடியவில்லை என்றால் அந்த வரி காலியாக இருக்கட்டும். அதற்காக மதிப்பெண் குறையாது. நிலையம் ஒரு நாளில் ஏறக்குறைய பதினாறு முறை பூமியைச் சுற்றுகிறது. 2030 வரை அதை இயக்கத் திட்டமிருக்கிறது. ஒரு மாலை தவறினால் தவறட்டும்.

பச்சை லேசர் விளக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நண்பனுக்குத் திசை காட்ட என்று இரண்டு பேர் பள்ளிக்கே கொண்டுவந்தார்கள். அந்தக் கதிர் தொலைவில் போகும் விமானத்தின் விமானியறைக்குள் பட்டால் ஓட்டுபவரின் பார்வை கூசிப்போகும். பல நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றம். திசை காட்ட விரல் போதும். தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று மேலே உள்ளதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எதையும் மாற்றத் தோன்றவில்லை. அதே சமயம், இந்தப் பருவம் முழுவதும் ஒரு மாலை விடாமல் பிள்ளைகளோடு நின்ற பெற்றோரும் பலர். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. விபத்து நடந்த மறுநாளே பள்ளிக்கு வந்து, யார் மேலும் குறை சொல்லாமல், “இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்” என்ற அந்தத் தாய்க்குத் தனியாக நன்றி. மாணவர் நலமாக இருக்கிறார். மாவுக்கட்டின் மேல் நண்பர்கள் வரைந்த விண்வெளி நிலையம் ஒன்று இருக்கிறது. சூரியத் தகடுகளின் எண்ணிக்கைகூடச் சரி.

புதிய முறையைச் சில வீடுகளில் முன்னோட்டமாகச் செய்துபார்த்தோம். வந்த ஏடுகளில் ஒன்றில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி நடுங்கும் எழுத்தில் எழுதியிருக்கிறார்: ‘கண் சரியில்லை. ஆனாலும் தெரிந்தது. அதில் இருக்கிறவர்கள் சாப்பிட்டிருப்பார்களா?’ இந்தக் கேள்விக்குப் பதிலைப் பள்ளி திறந்த முதல் வாரத்தில் அறிவியல் மன்றம் எழுதி அனுப்பும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பறிமுதல் செய்த லேசர் விளக்குகள் அலுவலகத்தில் இருக்கின்றன. பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே தரப்படும். பழைய குறிப்பேடுகளை எறிந்துவிட வேண்டாம். கடைசிக் கட்டத்தின் மேல் ஒட்டுவதற்குத் தாள் கொடுத்தனுப்புகிறோம்.