பெயிண்ட் அடிக்க வந்த தம்பிக்கும் இன்னும் சிலருக்கும்

தம்பி, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்கு எதிரே மார்க்கெட் பையோடு விழுந்தாரே ஒரு பெரியவர், அவர் என் அப்பா. இப்போது வீட்டில் இருக்கிறார், நடக்கிறார், நேற்று சாம்பாரில் உப்பே இல்லை என்று என்னோடு சண்டை போட்டார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது, அதற்குப் பிறகு என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல ஆளே இருந்திருக்காது.

மூன்று நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வந்து தேடினேன். எங்கள் புளோக் வேலை முடிந்து, உங்கள் ஆட்கள் வேறு பேட்டைக்குப் போய்விட்டார்களாம். புதுக்கோட்டைப் பக்கம் என்று சொன்னீர்கள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலைத் தமிழில், எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். யாராவது உங்கள் கையில் கொண்டுவந்து காட்டுவார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் வருவதற்கு முன்னால் நடந்த பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் சிபிஆர் சான்றிதழ் உண்டு, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, வாயில் மூச்சு ஊதிச் செய்யும் முதலுதவி அது. 2014இல் அலுவலகத்தில் அனுப்பி எடுத்தது. இங்கே அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு வருடம், பிறகு மறுபடி வகுப்புக்குப் போய்த் தேர்ச்சி பெற வேண்டும். நான் போகவில்லை. கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பதறுகிற ஆள் நான், இதை அலமாரியில் போட்டுவிட்டு 'எனக்குத்தான் தெரியுமே' என்று இருந்துவிட்டேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுகூட அதைக் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தேன் என்றால் பாருங்கள்.

அப்பா விழுந்ததும் ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன், பதில் இல்லை. ஆனால் வாய் திறந்து, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி. மூச்சு இருக்கிறது, மயக்கம்தான் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தேன். மக்களே, அது மூச்சு இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அப்படி ஒரு திணறல் வரும், விட்டு விட்டு, மீன் வாயைத் திறப்பது போல. வகுப்பில் இதைச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள், சான்றிதழ் எடுத்த அன்று கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு வரவில்லை. எத்தனை வினாடி போனதோ. சிபிஆர் தொடங்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறையும் என்கிறார்கள், அந்தக் கணக்கை இரவில் படுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் ஆம்புலன்ஸுக்காக 995க்கு அழைத்தேன். அந்தப் பக்கம் பேசிய அம்மாவுக்கு என் இரண்டாவது நன்றி. உங்கள் குரலைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அப்பா எப்படி மூச்சு விடுகிறார் என்று கேட்டீர்கள், நான் அந்தக் குறட்டையைச் சொன்னதும் ஒரு நொடிகூடத் தயங்காமல், போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள், நெஞ்சின் நடுவில் கையை வையுங்கள் என்றீர்கள். எனக்கு அப்போது என்ன சந்தேகம் வந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் படித்தபோது 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு, பிறகு 2005இல் மாற்றினார்கள், அலுவலக வகுப்பில் 30க்கு 2. இந்த இரண்டு கணக்கும் தலைக்குள் முட்டிக்கொண்டன. எத்தனை ஊத வேண்டும் என்று நான் கத்த, ஊத வேண்டாம், அழுத்துங்கள், நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு என்னோடு சேர்ந்து எண்ணினீர்கள். 2012 முதல் இப்படி அழைப்பை எடுப்பவரே தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் எண்ணிய வேகம் இன்னும் காதில் இருக்கிறது. மிக்சி ஓடும்போதுகூட அதே எண்ணிக்கை வந்துவிடுகிறது.

அப்போதுதான் தம்பி, நீங்கள் மின்தூக்கிப் பக்கத்துச் சிவப்புப் பெட்டியிலிருந்து, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தீர்கள். பெயிண்ட் படாமல் இருக்க அன்று காலைதான் அந்தப் பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டினீர்களாம், அதனால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நான் எத்தனை வருடமாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மின்தூக்கிக்குக் காத்திருக்கிறேன், ஒரு நாள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. 'அக்கா, நீங்க அமுத்திக்கிட்டே இருங்க, நான் ஒட்டுறேன்' என்றீர்கள். சட்டையைக் கத்தரித்தீர்கள். அப்பாவின் நெஞ்செல்லாம் வியர்வை, காலையில் பூசிய விபூதி வேறு குழைந்து கிடந்தது, ஈரத்தில் கருவியின் ஒட்டுப்பட்டைகள் பிடிக்காது என்று கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தீர்கள். ஒன்றை வலது கழுத்தெலும்புக்குக் கீழே, இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாவில். கருவி பேச ஆரம்பித்ததும் எல்லாரும் தள்ளுங்க என்று நீங்கள் போட்ட சத்தத்தில் நானே பயந்து கையை எடுத்துவிட்டேன். ஒரு அதிர்ச்சி. உடனே நீங்கள் முட்டி போட்டு அழுத்த ஆரம்பித்துவிட்டீர்கள், கருவி சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

மருத்துவர் பிறகு விளக்கினார், அந்த நேரத்தில் இதயம் சும்மா துடிதுடித்துக்கொண்டிருக்கும், ரத்தம் வெளியே போகாது, அந்த அதிர்ச்சி அந்தத் துடிதுடிப்பை நிறுத்தினால்தான் இதயம் தன் சொந்தத் தாளத்தைப் பிடிக்கும் என்று. அதுவரை மூளைக்கு ரத்தம் போனது உங்கள் கையால்.

எப்படித் தம்பி இவ்வளவு தெரியும் என்று நான் அழுதுகொண்டே கேட்டதற்கு, 'சைட்டுல நான்தான் ஃபர்ஸ்ட் எய்டர் அக்கா, போன மாசம்தான் ரெண்டாவது தடவை கோர்ஸ் போனேன்' என்றீர்கள். போன மாதம். எனக்கும் உங்களுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

எதிர்ப் புளோக் மக்சிக், எங்கள் மலாய்க்கார அத்தையே, உங்களுக்கும் நன்றி. போனில் மைரெஸ்பாண்டர் செயலி அலறியதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன் என்றீர்கள். யாருக்காவது இதயம் நின்றுவிட்டால் 400 மீட்டருக்குள் இருப்பவர்களைக் கூப்பிடும் செயலி அது, 2015இல் வந்தது, உங்களைப் பார்த்த பிறகுதான் நானும் இறக்கினேன். இரண்டு நிமிடம் ஆனதும் தம்பியின் தோளைத் தட்டி நீங்கள் மாறிக்கொண்டீர்கள். அறுபதைத் தாண்டிய உங்களுக்கு அந்த முட்டியோடு சிமெண்டுத் தரையில் உட்கார எவ்வளவு வலித்திருக்கும். அப்புறம் கார் நிறுத்துமிடத்தின் வாயிலில் நின்று கையை ஆட்டி ஆம்புலன்ஸைச் சரியான பக்கம் திருப்பிவிட்ட சீன அங்கிளுக்கும் நன்றி, அவர் இல்லையென்றால் வண்டி புளோக்கைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருக்கும். ஆம்புலன்ஸில் வந்த குடிமைத் தற்காப்புப் படை ஆட்களுக்கும் பெரிய கும்பிடு.

அப்பாவுக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். மருத்துவர் சிரித்துக்கொண்டே, ஒழுங்காக அழுத்தியிருக்கிறார்கள் என்றார். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, தும்மும்போதெல்லாம் 'எவன்டா என்னை அந்த இடி இடிச்சவன்' என்று கேட்கிறார். கோபமெல்லாம் இல்லை, உங்களைப் பார்க்க வேண்டுமாம்.

சென்ற வாரம் வகுப்புக்குப் போனேன். அரை நாள்தான். விளக்கு எரிகிற பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள், சரியாக 4 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்கினால், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று வேகம் பிடித்தால், பச்சை விளக்கு. எனக்கு முதல் பத்து நிமிடம் பச்சை வரவே இல்லை. முழங்கையை மடக்கியிருந்தேன், அழுத்திய பிறகு நெஞ்சை முழுசாக மேலே வர விடாமல் சாய்ந்தே கிடந்தேன். அப்படியானால் அன்றைக்கு நான் அழுத்தியது? சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடம் கேட்டேன். கையை எடுக்காமல் இருந்தாயே, அது போதும், இப்போது மறுபடி செய் என்று பொம்மையைத் தள்ளிவிட்டார். நன்றி சார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பழகிக்கொள்ளச் சொன்னீர்கள், நாள்காட்டியில் குறித்துவிட்டேன். அண்ணனையும் அண்ணியையும் அடுத்த மாத வகுப்பில் சேர்த்துவிட்டேன், அண்ணி மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி, கடைசியாக ஒன்று. உங்கள் துண்டு அப்பாவின் நெஞ்சோடு ஆம்புலன்ஸில் போய், மருத்துவமனைப் பையில் அவருடைய கிழிந்த சட்டையோடு திரும்பி வந்தது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். விபூதி போய்விட்டது, ஓரத்தில் இருக்கிற பச்சைப் பெயிண்ட் மட்டும் போகவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் வாங்க, மதியம் சாப்பிட்டுவிட்டு எடுத்துப் போகலாம். நீங்கள் அடித்த பச்சைச் சுவர் இருக்கிற புளோக்தான், அப்பா கீழேதான் உட்கார்ந்திருப்பார்.