செயலாளர் ஆண்டறிக்கை

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. நூல் பட்டியல் தயாரிக்கும் பணி அப்படியே நிற்கிறது, தவறு என்னுடையது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரே கூட்டத்தில் முடிப்பதாக இருந்த ஒரு விவாதம் மூன்று கூட்டங்களை விழுங்கியது: 'அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தங்கள் குடிமக்கள் உரிமையைக் குறுக்குகின்றன'. எடுத்துக்கொண்டது ஆக்டா, அதாவது போலிப்பொருளையும் அனுமதியற்ற நகலையும் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து எழுதிய போலிப்பொருள் தடுப்பு வணிக ஒப்பந்தம்.

போலி மருந்தைத் தடுக்க இது வேண்டும் என்று எதிரணி தொடங்கியது. தலைப்பை ஒட்டிப் பேசியவர், 2008 இறுதியில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன ரத்த அழுத்த மருந்தை நெதர்லாந்து சுங்கத்துறை நிறுத்திவைத்ததை நினைவூட்டினார். அது போலியல்ல, காப்புரிமை (பேட்டன்ட்) தகராறு. கைதட்டல் அடங்குமுன் ஒருவர் எழுந்து, ஆக்டாவின் இறுதி வடிவில் எல்லைச் சோதனைப் பிரிவிலிருந்து காப்புரிமை விலக்கப்பட்டதை அடிக்குறிப்போடு வாசித்துக் காட்டினார். முழு உரையையும் படித்துவந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் கூட்டம் ஆக்டாவின் 23ஆம் பிரிவிலேயே கழிந்தது. 'வணிக அளவில்' நகலெடுப்பது குற்றம். அதில் 'நேரடி அல்லது மறைமுக' ஆதாயமும் அடங்கும். காசு கொடுக்காமல் பாட்டைப் பதிவிறக்கியவருக்கு மிச்சமானது மறைமுக ஆதாயமா? வணிக நடவடிக்கை என்றும் அதே வரியில் இருப்பதால் ஆகாது என்றது எதிரணி. நீதிமன்றம் அப்படித்தான் படிக்கும் என்பதற்கு என்ன உறுதி என்றது மறுபக்கம். மணியை மூன்று முறை அடித்தேன், ஒருவரும் உட்காரவில்லை.

என்னை உறுத்தியது மூன்றாம் கூட்டத்தில் பேசப்பட்ட விஷயம்: ஒப்பந்தம் ரகசியமாக எழுதப்பட்டது. 2008இல் தொடங்கிய பேச்சுவார்த்தையின் வரைவு அதிகாரபூர்வமாக வெளியானது 2010 ஏப்ரலில்தான். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதன் அறிக்கையாளராக, அதாவது ஒப்பந்தத்தை ஆராய்ந்து அவைக்கு அறிக்கை தரும் உறுப்பினராக, இருந்த காதர் ஆரிஃப், நடைமுறையைக் கண்டித்து 2012 ஜனவரியில் விலகினார். அந்த ஜூலை 4இல் 478 பேர் எதிர்த்தும் 39 பேர் ஆதரித்தும் வாக்களிக்க, 165 பேர் நடுநிலை வகிக்க, ஐரோப்பாவில் ஒப்பந்தம் வீழ்ந்தது. உரை நல்லதா கெட்டதா என்பது பிறகு. யாரைக் கட்டுப்படுத்துமோ அவர்கள் கண்ணில் படாமல் எழுதப்பட்டதே பெரும்பிழை என்று நான் பேசினேன். செயலாளர் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று கண்டனம் வந்தது. ஏற்கிறேன். எங்கள் வாக்கெடுப்பில் தலைப்பு நான்கு வாக்கு வித்தியாசத்தில் வென்றது; நான் வாக்களிக்கவில்லை.

வரும் ஆண்டு விவாதத்துக்கு, பார்வைக் குறைபாடு உள்ளோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிவிடும் 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கையைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. நகல் இரு வாரம் முன்பே கிடைக்கும். இம்முறை படித்துவிட்டு வாருங்கள்.

செயலாளர்